திரும்பி வரும் பொருள்

1991-ல் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்காகத்தான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு பித்தளை உதிரிபாகக் கம்பெனியில் நான் கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவனை நிறுத்தி, "கையைத் தூக்கு" என்று சொல்லி, அக்குள், இடுப்பு, பாக்கெட் என்று தடவிப் பார்க்க வேண்டும். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி மீதிச் சோற்றைக் கிளறிப் பார்க்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். காலையில் உள்ளே வரும்போது சும்மா பேசுவது மாதிரி ஒரு கேள்வி கேட்பேன். சாயங்காலம் வெளியே போகும்போது அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் போகலாம். மாறினால் பிடி. லேத் மெஷின் ஓட்டுகிற ஒரு டர்னர் அப்படித்தான் மாட்டினார். காலையில் "இன்னா சாப்பாடு?" என்றதற்கு தயிர்சோறு என்றார். சாயங்காலம் கேட்டால் எலுமிச்சம்பழச் சோறாம். திறந்து பார்த்தேன். சோறே இல்லை, கம்பெனியில் கடைந்த இரண்டு பித்தளை புஷ் இருந்தன. ஒரு மாதம் சஸ்பெண்ட். அதிலிருந்து கம்பெனியில் என் பெயரே 'செக்கிங்' ஆகிவிட்டது.

அந்த வருஷம் மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து எங்கள் பக்கத்துப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதன் பிறகு பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாலே ஊர், பேர், அப்பன் பேர் என்று கேட்டார்கள். புதிதாக ஒருவன் டீ குடிக்க வந்தால் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே அவன் காலைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார். ஊரே என் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதில் ஒரு அற்பப் பெருமைகூட இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் அக்காவின் வீட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். சேரப்பணஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு வருஷமாக அவள் வீட்டிலிருந்து ஒரே புகார். காலையில் எழுந்து தண்ணீர் தூக்குகிறாள், மாட்டைக் கட்டுகிறாள், எல்லாம் செய்கிறாள். மத்தியானத்துக்கு மேல் கை வரவில்லை என்கிறாள். கரண்டி நழுவுகிறது. தலை வாரும்போது பாதியில் கை இறங்கிவிடுகிறது. கண்ணைத் திறந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிரித்தால் சிரிப்பு மாதிரி இல்லை, மேலுதடு மட்டும் ஏறி, முறைக்கிற மாதிரி இருக்கிறது. மாமியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "வேலன்னா கை வராது, மொறைக்க மட்டும் வாய் வருதா?" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டாராம்.

அக்கா புருஷன், மாமா, என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் காக்கிச் சட்டை. "மச்சான், நீ ஒரு நாளைக்கு நூறு பேரைப் பாக்கிற ஆளு. ஒருநாள் பூரா இருந்து பாத்துட்டு நீயே சொல்லு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காலை எட்டு மணிக்கு அக்கா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று தெருக்குழாயிலிருந்து நடந்து வந்தாள். எனக்குச் சுடச்சுட இட்லி வைத்தாள். நன்றாகப் பேசினாள், எங்கள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவளைப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இமை இரண்டும் பாதிக்கு இறங்கியிருக்கின்றன. பேச்சு மூக்கு வழியாக வருகிறது. நான் எதிரில் போய் நின்று, கேட்டில் சொல்கிற அதே குரலில், "கையைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். கைகள் தோள் வரைக்கும் போய் ஒரு நொடி நின்று, தொப்பென்று மடியில் விழுந்தன.

"காலையில நல்லாத்தான இருந்த?" என்று கேட்டேன்.

அரைக்கண்ணால் தரையைப் பார்த்தாள். கண்ணை நேராகப் பார்க்காதவனைத்தான் நான் தினமும் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எனக்கு அதற்கு மேல் சாட்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே மாட்டுக்கொட்டகை பக்கம் மாமாவைத் தனியாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி, "நடிப்பு மாமா" என்றேன். "எத்தினி பேர பாத்திருப்பேன். இது நடிப்பு."

அடுத்த மாதம் மாமா அவளை டிரங்குப் பெட்டியோடு வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் அவளைக் கண்காணிப்பதை விடவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது கையை நன்றாக வீசுகிறாளா, இமையை முழுசாகத் திறக்கிறாளா என்று. ஒருநாள் அவள் ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே சாப்பிட உட்கார்ந்தாள். ரசத்தை ஒரு வாய் குடித்ததும் அது மூக்கு வழியாக வெளியே வந்தது. அவள் மூச்சு விட முடியாமல் திணறி, முகம் நீலமாகி, அம்மா முதுகில் தட்டத் தட்ட ஒருவழியாக மீண்டாள். எவ்வளவு பெரிய நடிகையாலும் அப்படி நடிக்க முடியாது. அன்றைக்குத்தான் அவளை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றேன்.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். மருந்து, ஊசி எதுவும் இல்லாமல் முதலில், "ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் சத்தமா எண்ணும்மா" என்றார். அக்கா எண்ணினாள். பதினைந்து வரை அவள் குரல். இருபதைத் தாண்டியதும் மூக்குக்குப் போனது. முப்பதுக்கு மேல் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பிறகு கையில் ஒரு ஊசி போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அக்காவின் இரண்டு இமையும் மேலே ஏறின. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவளுடைய முழுக் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் வேறு எங்கேயும் போகவில்லை, நேராக என்னைப் பார்த்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது ஊசியின் வேகம் தீர்ந்து இமை பழையபடி இறங்கியிருந்தது.

டாக்டரம்மா ஒரு நோயின் பெயரைச் சொன்னார். மையஸ்தீனியா கிராவிஸ். அபூர்வமாகத்தான் வருமாம். நான் ஷிப்டிலிருந்து நேராகப் போயிருந்ததால் காக்கியில் இருந்தேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, "உடம்புக்குள்ளயும் காவல் இருக்கு. அது வெளிக் கிருமியைத்தான் அடிக்கணும். இவங்களுக்கு அந்தக் காவல் வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்குது. அதான் காலையில இருக்கிற பலம் சாயங்காலம் இருக்கிறதில்ல" என்றார். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

மார்பைத் திறந்து ஒரு சுரப்பியை எடுத்தால் பிழைக்க வழி உண்டு என்றார். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நாள் தவறாமல் ஒரு மாத்திரை வேண்டும். அது பம்பாயிலிருந்து வரவேண்டும், கையில் மாத்திரை இல்லாமல் ஆபரேஷன் டேபிளில் ஏற்ற முடியாது, தள்ளிப்போட்டால் ஒருநாள் மூச்சுத் தசையும் இப்படியே ஓய்ந்துவிடும். எங்கள் கையில் அதற்குப் பணமும் இல்லை. இதுதான் நிலைமை.

மாரத்தான் ஓடிப் பணம் திரட்டுகிற யோசனை என்னுடையது இல்லை. எங்கள் கம்பெனி பர்சனல் ஆபீசர் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர். வெளிநாட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் சொந்தக்காரன் நீளமாக ஓடுவானாம், ஜனங்கள் அதைப் பார்த்துப் பணம் கொடுப்பார்களாம். "நீ ஓடு. முழுசா ஓடி முடிச்சா ஒவ்வொரு வொர்க்கரும் ஒருநாள் ஓ.டி. சம்பளத்தை உங்க அக்காவுக்குக் குடுக்கணும்னு நோட்டீஸ் போடறேன்" என்றார். என் மூஞ்சிக்கு ஒரு பைசா யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் ஓட்டம்.

கேன்டீன் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'சகோதரியின் சிகிச்சைக்காக நமது செக்யூரிட்டி ஓடுகிறார். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர்.' மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரே கும்பல்.

"செக்கிங் ஓடப் போறானாமே, வசூல் பண்ணிக்கினா?"

"நாப்பத்திரண்டு சரிபா. அது இன்னாது நூத்தித் தொண்ணூத்தஞ்சு? அது யாருக்கு?"

இந்த நூற்றுத் தொண்ணூற்றைந்து ஒரு வாரத்துக்கு என் உயிரை எடுத்தது. நாற்பத்திரண்டு அக்காவுக்கு, அந்தச் சில்லறை பர்சனல் ஆபீசருக்குக் கமிஷன் என்று தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் முழுக்கப் பேச்சு. அது மீட்டர், ரூபாய் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது. மாரத்தான் என்றால் உலகம் பூராவும் அவ்வளவுதான் தூரம் என்றேன். "உலகம் பூரா உன்னாட்டம் ஆளுங்கதான் கீறாங்களா?" என்று கேட்டான் ஒருத்தன்.

அப்போதுதான் அந்த டர்னர் எழுந்தார். தயிர்சோற்று டர்னர்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நான் சைக்கிள்ல பின்னாலயே வரேன்" என்றார். "லாரில ஏறுனான்னா அங்கியே கத முடிஞ்சிது. எவனும் ஒரு பைசா தரத் தேவல. ஆனா சும்மா வர மாட்டேன். கேட்பாஸ் வேணும்."

கம்பெனியிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் கேட்பாஸ் வேண்டும். அந்தப் புத்தகத்தில் பொருளின் பெயர், எண்ணிக்கை, எங்கே போகிறது என்று கட்டங்கள் இருக்கும். கீழே 'திரும்பி வரும் / திரும்பி வராது' என்று அச்சிட்டிருக்கும், பொருந்தாததை அடிக்க வேண்டும். பர்சனல் ஆபீசர் சிரித்துக்கொண்டே எழுதினார். பொருள்: செக்யூரிட்டி. எண்ணிக்கை: ஒன்று. அடிக்கிற இடம் வந்ததும் டர்னர் பேனாவை வாங்கிக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப அடிக்க மாட்டேன். வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கம்பெனி வேன் மீட்டரை வைத்துத் தூரத்தை அளந்தோம். கேட்டிலிருந்து ஒரகடம், அங்கிருந்து சேரப்பணஞ்சேரி, திரும்பி ஒரகடம் வந்து வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசல், மறுபடி திரும்பி வடக்குப்பட்டு. நாற்பத்திரண்டு எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் முடிந்தது. மிச்சத்தை ஸ்டோர்ஸ் டேப்பால் அளந்தார்கள். அது எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றடித் துவைக்கிற கல்லில் வந்து நின்றது. சேரப்பணஞ்சேரி வழியாக ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதை மட்டும் நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். மாமா பார்க்க வேண்டும் என்று இருந்தது.

இரண்டு மாதம் ஏரிக்கரையில் ஓடிப் பழகினேன். எங்கள் பக்கம் அப்போது மனிதன் ஓடுவதற்கு மூன்றே காரணம்தான். பஸ்ஸைப் பிடிக்க, சாவுச் செய்தி சொல்ல, திருடிவிட்டுத் தப்பிக்க. பஸ் ரோடு இல்லாத இடத்தில் நான் ஓடியதால் எதிரில் வருகிற பெண்கள் எல்லாம் நெஞ்சில் கை வைத்து "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், மூன்றாவது காரணத்துக்குப் போய்விடுவார்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரம் கேட்டிலிருந்து கிளம்பினேன். வெள்ளை கேன்வாஸ் ஷூ, காக்கி அரை டிராயர், பனியன். பின்னால் டர்னரின் சைக்கிள் கிறீச் கிறீச் என்று வந்தது. முதல் பத்து கிலோமீட்டர் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ரோட்டில் ஆளில்லை, இரண்டு பக்கமும் வயல், ஏரியில் கொக்கு. இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா என்றுகூட நினைத்தேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி நிறுத்தினார்.

"எங்கடா ஓடற?"

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல சார்."

"ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது. நீ இந்தாண்ட ஓடற?"

டர்னர் சைக்கிளிலிருந்து இறங்கி, "சார், இவுரு கம்பெனி ஆளு, சும்மா ஓடுறாரு" என்று சொல்லிக் கெடுத்தார். சும்மா ஓடுகிறவனை அந்த வருஷம் எந்தப் போலீஸ்காரர் விடுவார்? டிராயர் பாக்கெட், பனியன், இடுப்பு, ஷூ எல்லாவற்றையும் பார்த்தார். ஷூவுக்குள் கையை விட்டார். இரண்டு வருஷம் நான் மற்றவர்களுக்குச் செய்ததை முதல் தடவையாக எனக்குச் செய்தார்கள். உடம்பு கூசியது. ஒன்றும் செய்யாதவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ செய்துவிட்டோமோ என்று இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கடைசியில் டர்னர் அந்தக் கேட்பாஸை எடுத்துக் காட்டினார். கம்பெனி சீலைப் பார்த்ததும் போலீஸ்காரர் சமாதானமாகி, "பொருள், செக்யூரிட்டி" என்று உரக்கப் படித்துவிட்டு, போ என்று லத்தியை ஆட்டினார்.

சேரப்பணஞ்சேரியில் மாமா வீட்டுத் திருப்பம்வரை ஓட வேண்டும். வெயில் ஏறியிருந்தது. மாமா வாசலில் நின்று பல்லில் குச்சியோடு பார்த்தார். நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நான் மூச்சிரைக்க, "அக்காவுக்காக ஓடறேன் மாமா. அது நிஜமான சீக்கு. டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

மாமா குச்சியைத் துப்பினார். "நடிக்கிறான்னு சொன்னவன் யாரு? நான் சொன்னனா? என் மாட்டுக்கொட்டாயில நின்னுக்கினு நீதான சொன்ன? இப்ப ஓட்டம் இன்னாத்துக்கு? இதுவும் நடிப்பா மச்சான்?"

கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். டர்னரும் பார்த்தார். நான் திரும்பி ஓடினேன். அந்த ஓட்டம் அக்காவுக்காக இல்லை, அந்த இடத்தைவிட்டுத் தப்பிக்க. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்கிறதா இல்லையா என்றுகூடக் கவனிக்கவில்லை. வழியில் ஒரு செங்கல் டிராக்டர் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்கறியா?" என்று டிரைவர் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சத்தியமாக ஏறவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நின்று பார்த்தால் டர்னரைக் காணோம். ரொம்ப நேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு வந்தார். செயின் கழன்றுவிட்டதாம். அவர் வேண்டுமென்றே கழற்றினார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அந்த டிராக்டர் என்னத் தாண்டிதான் வந்துது. மூணு கிலோமீட்டருக்கு உன்ன நான் பாக்கல" என்றார்.

"ஏறல. அம்மா மேல சத்தியமா ஏறல."

"பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். நீ போடுவியா, கேட்டுல?"

போட மாட்டேன். அது என்னுடைய சட்டம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இங்கே விட்டால் ஓ.டி. கிடையாது, மாத்திரை கிடையாது. இன்னும் பத்தொன்பதோ இருபதோ கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டர்னர் கேரியரைத் தட்டினார். "ஏறு. செயின் கழண்ட எடத்துல கொண்டுபோய் வுடறேன். அது கணக்குல வராது. அங்கிருந்து திரும்ப ஓடு."

கேரியரில் உட்கார்ந்து மூன்று கிலோமீட்டர் பின்னால் போனேன். மாரத்தானில் ஓடுகிறவனை எதிர்த்திசையில் சைக்கிளில் ஏற்றிப்போன கதை வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. போகிற வழியில், திரும்பிப் பார்க்காமலே, "உங்க அக்காவுக்கு இன்னாதான்பா ஒடம்புக்கு?" என்று கேட்டார். சொன்னேன். காலை நேரப் பலத்தைச் சொன்னேன், டாக்டரம்மா எண்ணச் சொன்னதைச் சொன்னேன், காவல் வீட்டு ஆளையே அடிக்கிற விஷயத்தையும் சொன்னேன். மாட்டுக்கொட்டகையில் நான் சொன்னது நிஜம்தான் என்பதையும் சொன்னேன். அவரிடம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

கொஞ்ச தூரம் மிதித்தார். "அப்ப உங்க அக்கா ஒடம்புக்குள்ளயும் ஒரு செக்கிங் கீறான்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அந்த மூன்று கிலோமீட்டரை மறுபடி ஓடினேன். இந்தத் தடவை அவர் பின்னால் வரவில்லை. பக்கத்திலேயே, என் முழங்கை படுகிற தூரத்தில் வந்தார். வல்லக்கோட்டையில் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா நான் ஏதோ வேண்டுதலுக்காக ஓடுகிறேன் என்று நினைத்து, தேங்காய் எங்கே என்று கேட்டார். அந்த ஒருவர்தான் அன்றைக்கு என்னைச் சந்தேகப்படாத ஆள். ஒரகடத்துக்குத் திரும்பியபோது ஒரு கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டம் என்று சொல்ல முடியாது, விழாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போனேன். கையை ஆட்ட முடியவில்லை, இரண்டும் பக்கத்தில் தொங்கின. எதிர் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. டர்னர் தண்ணீரைக் கொடுத்தார், பாதி மூக்கில் ஏறியது.

அந்த ரோட்டில் இப்போது இரண்டு பக்கமும் கார் கம்பெனி. ஷிப்ட் பஸ் வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு கேட்டிலும் மெஷின் வைத்திருக்கிறார்கள், யாரும் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை. சொன்னபடி எல்லோரும் ஓ.டி. கொடுத்தார்கள், திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். மாத்திரை வந்தது. ஆபரேஷனும் நடந்தது. அக்கா இருக்கிறாள். மாமா பிறகு வந்து கூப்பிட்டார், அவள் போகவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கிணற்றடியில் நடந்தது.

வேப்பமரத்தைத் தாண்டி அந்த நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் வந்தேன். துவைக்கிற கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குக் கெட்ட நேரம், இமை இறங்கியிருந்தது. பின்கட்டுக் கதவில் அம்மா நின்றிருந்தாள். டர்னர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றார். கல்லைத் தொட்டால் முடிந்தது. தொட்டேன். தொட்ட இடத்திலேயே அவள் காலடியில் மண்டி போட்டு விழுந்தேன்.

அக்கா ஒரு விரலால் தன் ஒரு இமையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூக்கில் வருகிற அந்தக் குரலில் சொன்னாள்.

"கையத் தூக்கு."

தூக்கப் பார்த்தேன். தோள் வரைக்கும்கூடப் போகவில்லை. கைகள் தொப்பென்று மண்ணில் விழுந்தன. கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்க்கவும் முடியவில்லை.

"காலையில நல்லாத்தான இருந்த?" என்றாள்.

அவள் மேலுதடு ஏறியது. மற்றவர்களுக்கு அது முறைப்பாகத் தெரிந்திருக்கும். அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எம்மா, தம்பிக்குச் சோறு போடு. பாத்துட்டேன். இவன் நடிக்கல."

வேலியோரம் டர்னர் சட்டைப்பையிலிருந்து கேட்பாஸை எடுத்து, சைக்கிள் சீட்டில் வைத்து, 'திரும்பி வராது' என்பதை அடித்தார்.